துரித உணவும் உடல் பருமனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துரித உணவு என்று எதைச் சொல்கிறோம்?

ஆர்டர் கொடுத்த சில நிமிடங்களில் கைக்கு வந்துவிடும் பர்கர், பீட்சா, பொரித்த கோழி, ஃபிரெஞ்சு ஃபிரைஸ், அவற்றோடு வரும் குளிர்பானம், சாஸ் எல்லாம் இதில் அடக்கம். சீக்கிரம் கிடைப்பது தவறில்லை. ஒரு பழத்தை எடுத்துக் கடிப்பதைவிடச் சீக்கிரமாக எதைச் சாப்பிட முடியும்? அந்த வேகத்துக்காகச் செய்யப்படும் ஏற்பாடுகளில்தான் சிக்கல். நார்ச்சத்து நீக்கிய மைதாவில் பன், தொழிற்சாலையிலேயே அரைவேக்காடாகப் பொரித்து உறையவைத்த உருளைக்கிழங்கு, மாதக்கணக்கில் கெடாத சாஸ், எந்தக் கிளையிலும் ஒரே சுவை வருவதற்காகக் கூட்டிய உப்பு, சர்க்கரை, கொழுப்பு.

பிரேசிலின் சாவோ பாலோ பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மொந்தெய்ரோ குழுவினர் உருவாக்கிய, உணவை எவ்வளவு பதப்படுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்துப் பிரிக்கும் ‘நோவா’ வகைப்பாட்டில் இவற்றில் பெரும்பாலானவை ‘மிகைப் பதப்படுத்திய உணவு’ என்ற நான்காம் பிரிவில் வரும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மிகைப் பதப்படுத்திய உணவில் பெரும்பங்கு வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது: பிஸ்கட், பாக்கெட் நொறுக்குத்தீனி, இனிப்பூட்டிய காலை உணவு. கடைப் பக்கமே போவதில்லை என்பவருக்கும் கீழே உள்ள பலதும் பொருந்தும்.

எடை கூட இதுதான் காரணம் என்று நிரூபணம் உண்டா? சோம்பேறித்தனம்தானே காரணம்?

இரண்டு ஆய்வுகளைச் சொன்னால் போதும். அமெரிக்காவில் இளவயதினர் மூவாயிரம் பேரை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ‘கார்டியா’ ஆய்வின் முடிவு 2005-இல் லான்செட் இதழில் வந்தது. வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் துரித உணவுக் கடைக்குப் போனவர்களுக்கு, வாரம் ஒரு தடவைகூடப் போகாதவர்களைவிட சராசரியாக 4.5 கிலோ கூடுதலாக எடை ஏறியிருந்தது. இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலையான ‘இன்சுலின் எதிர்ப்பு’ ஏறியதும் மற்றவர்களைவிட இரு மடங்கு. ஆனால் இது கவனிப்பு ஆய்வு. அடிக்கடி போகிறவர்களின் மற்ற பழக்கங்களும் வேறாக இருந்திருக்கலாம் என்ற வாதத்துக்கு இதில் இடம் உண்டு.

அந்த வாதத்துக்குப் பதில் 2019-இல் வந்தது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை நான்கு வாரம் ஆய்வகத்திலேயே தங்கவைத்தனர். இரண்டு வாரம் மிகைப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரு பக்கமும் சமம். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அதே ஆட்கள் தினமும் சுமார் 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் 0.9 கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் 0.9 கிலோ இறங்கியது. இரண்டும் ஒரே மனிதர்கள் என்பதால், சோம்பேறித்தனம் மேல் பழிபோடுவது கடினம்.

அப்படி என்ன இருக்கிறது அதில்? ஏன் கை நிற்பதில்லை?

பலர் நினைப்பது போல ஏதோ ஒரு ‘விஷம்’ கலந்திருப்பதால் அல்ல. பல சாதாரணக் காரணங்கள் ஒன்றுசேர்கின்றன. முதலாவது, கலோரி அடர்த்தி. வேகவைத்த உருளைக்கிழங்கு 100 கிராமில் சுமார் 87 கலோரி. அதே கிழங்கை மெல்லிய விரலாக வெட்டிப் பொரித்தால் 100 கிராமில் 310-க்கு மேல். சூட்டில் கிழங்கிலிருந்த தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. அந்த இடத்தில் எண்ணெய் புகுகிறது. மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி என்றால் கொழுப்புக்கு 9. துண்டு எவ்வளவு மெலிதோ, வெளிப்பரப்பு அவ்வளவு அதிகம், எண்ணெயும் அதிகம். வயிறு நிறைந்த உணர்வில் சாப்பிட்டதன் எடைக்கும் அளவுக்கும் பெரிய பங்கு உண்டு. கலோரியை அது எண்ணிப் பார்ப்பதில்லை. அதனால் அதே அளவு சாப்பிட்டு மூன்றரை மடங்கு கலோரியை உள்ளே அனுப்பிவிடுகிறோம்.

இரண்டாவது, வேகம். மிருதுவான பன்னும் அரைத்த இறைச்சியும் மெல்ல அதிகம் கேட்பதில்லை. ‘போதும்’ என்ற செய்தி குடலிலிருந்து மூளைக்குப் போய்ச் சேரச் சுமார் 15, 20 நிமிடம் ஆகும். அதற்குள் தட்டு காலி. மேலே சொன்ன ஹால் ஆய்விலும் பதப்படுத்திய உணவை அவர்கள் வேகமாகத்தான் சாப்பிட்டார்கள்.

மூன்றாவது, குடிக்கும் கலோரி. குளிர்பானத்தில் வரும் கலோரிக்கு ஈடாக அடுத்த வேளையில் உணவு குறைவதில்லை. அது அப்படியே கூடுதல் கணக்கு. நான்காவது, அளவு. ஒரே உணவை 500 கிராம், 1000 கிராம் என்று வெவ்வேறு அளவில் பரிமாறிப் பார்த்த ஆய்வில், பெரிய தட்டு கிடைத்தவர்கள் 30 சதவீதம் அதிகம் சாப்பிட்டார்கள். ‘பெரிய சைஸ்’ வாங்கும்போது இதுதான் நடக்கிறது. கொஞ்சம் கூடக் கொடுத்தால் இரு மடங்கு கிடைக்கிறது என்பது கடைக்காரர் கணக்கில் சரி, இடுப்பின் கணக்கில் சரியில்லை.

ஒரு காம்போ மீலில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது?

கடைக்குக் கடை மாறும். ஆனாலும் பிரித்துப் பார்ப்பது பயன்படும். இரட்டை இறைச்சித் துண்டும் சீஸும் வைத்த பர்கர் சுமார் 500 கலோரி. நடுத்தர அளவு ஃபிரைஸ் 350. கோலா 500 மில்லி 210. தொட்டுக்கொள்ள 25 கிராம் மயோனைஸ் 170. மொத்தம் 1,230. நாளுக்கு 2,000 கலோரி தேவைப்படுகிறவருக்கு ஒரே வேளையில் அறுபது சதவீதம் முடிந்துவிட்டது. இங்கே கவனிக்க வேண்டியது, எல்லோரும் குற்றம் சாட்டும் பர்கரில் பாதிகூட இல்லை. அதைச் சுற்றி வந்ததில்தான் மீதி 730.

அந்தக் கோலாவில் மட்டும் சர்க்கரை 53 கிராம். உணவில் சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரிக்கு அது 50 கிராம். முடிந்தால் 5 சதவீதம், அதாவது 25 கிராம் நல்லது என்றும் சொல்கிறது. உப்பு இந்த ஒரு வேளையில் 3 கிராமைத் தாண்டிவிடும். முழு நாளுக்கான வரம்பே 5 கிராம்தான்.

கடையின் பட்டியலில் ‘கிலோகலோரி’ என்று போட்டிருப்பதும் பேச்சில் கலோரி என்பதும் ஒன்றே. சில நாடுகளில் கிலோஜூல் கணக்கில் இருக்கும், 4.2-ஆல் வகுத்தால் கலோரி. சோடியம் என்று மில்லிகிராமில் கொடுத்திருந்தால் 2.5-ஆல் பெருக்க வேண்டும்; 1,000 மில்லிகிராம் சோடியம் என்பது 2.5 கிராம் உப்பு. பலரும் சோடியம் எண்ணையே உப்பு என்று படித்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள்.

ஆர்டரை எப்படி மாற்றுவது?

மேலே உள்ள அதே காம்போவை எடுத்துக்கொள்வோம். முதலில் கோலாவுக்குப் பதில் தண்ணீர்: 210 போயிற்று. அடுத்து மயோனைஸ் வேண்டாம் என்று சொல்வது: 170. இந்த இரண்டிலும் வயிற்றுக்கு எந்தக் குறையும் தெரியாது, அதனால்தான் இங்கிருந்து தொடங்கச் சொல்கிறோம். பிறகு நடுத்தர ஃபிரைஸைச் சிறியதாக்கினால் 120. இரட்டை பர்கரை ஒற்றையாக்கினால் இன்னும் 200. மீதி 530 கலோரி. அதே கடை, அதே மேசை.

பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: பர்கரை விட்டுவிட்டுப் பெரிய ஃபிரைஸும் ஷேக்கும் வாங்குவார்கள். புரதம் போய்விட்டது, சர்க்கரையும் எண்ணெயும் தங்கிவிட்டன. இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசி. காம்போவாக வாங்காமல் தனித்தனியாகக் கேளுங்கள். சாஸைப் பன்னுக்குள் தடவச் சொல்லாமல் தனியாக வாங்கினால் பாதி மிஞ்சும். கெட்சப்பில் கொழுப்பு இல்லை, ஆனால் ஒரு மேசைக்கரண்டியில் 4 கிராம் சர்க்கரை உண்டு. பீட்சாவில் மெல்லிய அடித்தளம், காய்கறி, சீஸ் ஒரு மடங்கு மட்டும்; விளிம்பில் சீஸ் அடைத்தது வேண்டவே வேண்டாம். கொலைப்பசியோடு போகாமலிருப்பது இவற்றில் எதற்கும் குறைந்ததல்ல.

பர்கருக்குப் பதில் கோழியோ மீனோ சாலடோ எடுத்தால்?

சமையல் முறையைப் பொறுத்தது. சுட்ட கோழி என்றால் சரி. மாவில் தோய்த்துப் பொரித்த கோழியும் மீனும் பர்கரைவிடக் கூடுதலாகவே இருக்கலாம், ஏனென்றால் எண்ணெயை உறிஞ்சுவது இறைச்சியைவிட அந்த மாவுப் போர்வைதான். சாலடில் இலைகளுக்குக் கணக்கே வேண்டாம். மேலே ஊற்றும் டிரெஸ்ஸிங், பொரித்த ரொட்டித் துண்டு, துருவிய சீஸ் மூன்றும் சேர்ந்து ஒரு பர்கரை எட்டிவிடும். டிரெஸ்ஸிங்கைத் தனியாக வாங்கி முள்கரண்டியைத் தொட்டுச் சாப்பிடுங்கள்.

டயட் கோலா குடிக்கலாமா?

தினமும் சர்க்கரை கோலா குடிக்கிறவர் அதிலிருந்து இறங்குவதற்கு ஒரு படியாக, குடிக்கலாம். எடை குறைப்பதற்கான வழியாக அதை நம்ப வேண்டாம். எடைக் கட்டுப்பாட்டுக்குச் சர்க்கரை அல்லாத இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்தது. டயட் கோலா வாங்கிய தைரியத்தில் பெரிய ஃபிரைஸ் வாங்குவது எங்கும் காணும் காட்சி. சேர வேண்டிய இடம் தண்ணீர்.

வாரத்துக்கு எத்தனை தடவை பரவாயில்லை?

பாதுகாப்பானது என்று எந்த அமைப்பும் ஒரு எண்ணைத் தரவில்லை. கார்டியா ஆய்வில் வித்தியாசம் தெரிந்த இடம் வாரம் இரண்டு தடவைக்கு மேல். நாங்கள் சொல்வது: மாதம் ஓரிரு தடவை என்றால் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. வாரம் ஒன்று என்றால் மேலே சொன்ன மாதிரி ஆர்டரை மாற்றுங்கள். அதற்கு மேல் என்றால் பிரச்சினை ஆர்டரில் இல்லை, நாளின் அமைப்பில் இருக்கிறது: மதியம் பட்டினி, இரவு வேலை, சமைக்க நேரமின்மை. அதைத் தொடாமல் மெனுவை மட்டும் மாற்றினால் பத்து நாள்கூட நிற்காது. தூக்கத்தையும் பாருங்கள். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடும், போதும் என்று சொல்லும் லெப்டின் குறையும்.

நான் ஒல்லி. எனக்கு என்ன கவலை?

கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது. உப்பு ரத்த அழுத்தத்தை ஏற்ற உடல் பருத்திருக்க வேண்டிய அவசியமில்லை. நிறைவுற்ற கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல்லை ஏற்றுவதும் அப்படித்தான். குளிர்பானத்தின் ஃபிரக்டோஸை உடலில் பெரும்பாலும் கல்லீரல்தான் கையாள்கிறது. மிஞ்சியதைக் கொழுப்பாக மாற்றும். கைகால் மெலிந்து வயிறு மட்டும் தள்ளியிருப்பவர்களுக்குக் கொழுப்புக் கல்லீரலும் சர்க்கரை நோயும் வருவது அரிதல்ல. பேக்கன், சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் சேர்த்தது. தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடும். இதெல்லாம் எடை இயந்திரத்தில் தெரியாது.

டிரான்ஸ் கொழுப்பு இன்னும் இருக்கிறதா?

பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெயில் உருவாகும் இது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி நல்லதான ஹெச்டிஎல்லைக் குறைக்கும். வேறெந்தக் கொழுப்பும் இரண்டையும் சேர்த்துச் செய்வதில்லை. இதைக் கட்டுப்படுத்த டென்மார்க் 2003-இல் சட்டம் கொண்டுவந்தது. பல நாடுகள் பின்தொடர்ந்தன, எல்லா நாடுகளும் அல்ல. பாக்கெட்டில் ‘டிரான்ஸ் கொழுப்பு 0’ என்று இருந்தாலும், சேர்மானப் பட்டியலில் ‘பகுதி ஹைட்ரஜனேற்றிய’ என்ற சொல் இருந்தால் அது முழுப் பூஜ்யமல்ல. ஒரு பரிமாறலுக்குக் குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் இருந்தால் பூஜ்யம் என்று எழுதச் சில நாட்டு விதிகள் அனுமதிக்கின்றன.

சாப்பிட்டதை நடந்து கரைத்துவிட முடியாதா?

70 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் சுமார் 250 கலோரி செலவாகும். அந்த 1,230 கலோரி காம்போவுக்கு ஐந்து மணி நேரம். அந்த 250-இலும் சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகியிருக்கும் பங்கு உண்டு என்பதால் உண்மைக் கணக்கு இன்னும் மோசம். உடற்பயிற்சி இதயத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் இழந்த எடை திரும்பாமலிருக்கவும் அவசியம். வாரம் 150 நிமிடமாவது வேண்டும். தட்டில் செய்த தவறுக்குப் பரிகாரமாக மட்டும் அது உதவாது.

நேற்று இரவு பீட்சா சாப்பிட்டேன், காலையில் ஒன்றரை கிலோ கூடியிருக்கிறது. எப்படி?

அது கொழுப்பல்ல. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. ஒன்றரை கிலோ ஏற வேண்டுமானால் தேவைக்கு மேல் பதினோராயிரம் கலோரிக்கு மேல் சாப்பிட்டிருக்க வேண்டும். கூடுதல் உப்பு தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. 9 கிராம் உப்புக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர். தசையில் சேமித்த மாவுச்சத்தும் தன் எடையைப் போல மூன்று மடங்கு தண்ணீரோடுதான் தங்கும். குடலில் இருக்கும் உணவின் எடை வேறு. வழக்கம்போலச் சாப்பிட்டால் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். பயந்துபோய் மறுநாள் பட்டினி கிடப்பதுதான் அடுத்த மிகைத்தீனிக்குக் கதவைத் திறப்பது.

இதே 7,700-ஐ வைத்து, ‘வாரம் 700 கலோரி குறைத்தால் ஆண்டுக்கு 4.7 கிலோ’ என்று கணக்குப் போடுகிறார்கள். எடை குறையக் குறைய உடலின் செலவும் குறைவதால் நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே இறங்கும்.

எனக்கு உடல் பருமன் இருக்கிறதா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

பிஎம்ஐ: கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 165 செ.மீ. உயரம், 72 கிலோ என்றால் 1.65 × 1.65 = 2.72, 72-ஐ அதனால் வகுத்தால் 26.4. பொதுவாக 25-க்கு மேல் அதிக எடை, 30-க்கு மேல் பருமன். ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே அபாயம் தொடங்குவதால் 23, 27.5 ஆகிய எண்களிலேயே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு சொல்லியிருக்கிறது. தசை அதிகமுள்ள விளையாட்டு வீரருக்கு பிஎம்ஐ பொய் சொல்லும்.

இடுப்புச் சுற்றளவு அதைவிடப் பேசும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், வெறும் தோலின் மேல் நாடாவை வைத்து, இயல்பாக மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும். பேன்ட் கட்டும் இடத்தில் அளந்தால் தொப்பை அதற்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கும், எண் குறைவாக வரும். சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும்: 165 செ.மீ. உயரத்துக்கு 82.5.

குழந்தைகளை எப்படிக் கட்டுப்படுத்துவது?

பெரியவர்களுக்கான பிஎம்ஐ எண்கள் குழந்தைகளுக்குப் பொருந்தாது. வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி வரைபடத்தில் மருத்துவர்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு எடையைக் குறைப்பது இலக்கல்ல. எடையை அப்படியே நிறுத்திவைத்தால் உயரம் வளர வளரச் சரியாகிவிடும். அமெரிக்க இதயச் சங்கம் 2 முதல் 18 வயது வரை சேர்த்த சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் என்கிறது. ஒரு 330 மில்லி கோலா டின்னிலேயே 35 கிராம். முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான்.

‘நல்ல மார்க் வாங்கினால் பீட்சா’ என்பதை விட்டுவிடுங்கள். பரிசாக வருவதன் மதிப்பு குழந்தையின் மனதில் ஏறிக்கொண்டே போகும். ஒரு குழந்தைக்கு மட்டும் தடை போட்டு மற்றவர்கள் எதிரில் சாப்பிடுவது, எடையைச் சொல்லிக் கேலி செய்வது இரண்டும் ஒளித்துச் சாப்பிடும் பழக்கத்தில் கொண்டுவிடும்.

வீட்டில் செய்தால் நல்லதுதானே?

எண்ணெயில் முக்கிப் பொரித்தால் கலோரியில் பெரிய வித்தியாசமில்லை. உப்பும் அளவும் நம் கையில் இருக்கும் என்பதே லாபம். ஓவனில் செய்தால் வித்தியாசம் பெரிது. அரை கிலோ உருளைக்கிழங்கை விரல் கனத்துக்கு வெட்டி, அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, துணியில் ஈரம் போக ஒற்றி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் புரட்டி, 200 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். நடுவில் ஒரு தடவை திருப்ப வேண்டும். மொறுமொறுப்பு வராததற்கு வழக்கமான காரணம் இரண்டு: ஈரம் சரியாகப் போகவில்லை, அல்லது தட்டில் நெருக்கி அடுக்கியாயிற்று. பொன்னிறத்தில் எடுத்துவிடுங்கள். பழுப்பேற ஏற, அதிகச் சூட்டில் கிழங்கில் உருவாகும் அக்ரிலமைடு என்ற தீங்கான வேதிப்பொருள் கூடும். ஊறவைப்பது அதைக் குறைப்பதற்கும்தான். உப்பைக் கடைசியில் தூவினால் நாக்கில் நேராகப் படும், குறைவாகவே போதும்.

மருத்துவரிடம் எப்போது போக வேண்டும்?

இடுப்பளவு உயரத்தில் பாதியைத் தாண்டியிருந்தால் அறிகுறி ஏதும் இல்லாவிட்டாலும் ஒரு தடவை ரத்த அழுத்தம், வெறும் வயிற்றில் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் சோதனை), கொழுப்பு, கல்லீரல் நொதிகள் பார்த்துவிடுவது நல்லது. வெறும் வயிற்றில் 100 முதல் 125 (டெசிலிட்டருக்கு மில்லிகிராம்), ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. இந்த நிலையில் உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே எண்கள் இறங்கத் தொடங்கும். 80 கிலோ உள்ளவருக்கு அது 4 முதல் 8 கிலோ.

பலத்த குறட்டையும் பகலில் தூக்கமும் சேர்ந்திருந்தால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று சோதிக்க வேண்டும். கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் தோல் கறுத்து வெல்வெட் போலத் தடித்திருந்தால், அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்பவர்கள் பலர். அது தேய்த்தால் போகாது. பெரும்பாலும் இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம், குழந்தைகளிடமும் காணலாம். போக வேண்டியது சர்க்கரைப் பரிசோதனைக்கு.